சற்றுக் காத்திருக்கவும்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்துவிட்டது.
டேங்கர் வண்டிகள். ஐம்பது வரை எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.
மணலிக் காற்று
கொண்டுவந்த நாற்றத்தை
ஹெல்மெட்டுக்குள் இறக்கிவைத்துப் போகிறது.

போனில் பெனிட்டா, வியாசர்பாடியிலிருந்து.
எங்கள் லினக்ஸின் நிறுவியில்
வட்டைப் பிரிக்கும் திரை
தமிழ் எழுத்தை வெட்டுகிறதாம்.
தானே திருத்துவேன் என்று
மூலநிரலை இறக்கி
வழிகாட்டியைத் திறந்தவள்.

"ஏழாவது ஸ்டெப்புல நிக்கிறேன் ப்ரோ.
சற்று காத்திருக்கவும்னு போட்டிருக்கு.
நேத்து நைட்டு பத்துலேர்ந்து
வெயிட் பண்ணினுதான் இருக்கேன்."

அந்த வரி நான் எழுதியது.
இதே கேட்டில், வண்டிமேல் உட்கார்ந்து,
கட்டைவிரலால்.
அன்றைக்குச் 'சற்று' என்பது
ஒரு கூட்ஸ் வண்டியின் நீளம்.

*

தண்டையார்பேட்டை. லுங்கி. இரண்டாம் மாடி.
துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி
திரும்பும்போதெல்லாம்
மேசையில் டம்ளர் நடுங்கும்.
கோப்பைத் திறந்தேன்.
கடைசியாகத் தொட்டது: மூன்று வருஷம் முன்பு.

இதற்கிடையில் யூஜின்
ஏழாம் படியை இரண்டாகப் பிளந்திருக்கிறான்.
ஹஸீனா
வட்டுப் பகுதியை வேரோடு பெயர்த்து
வேறு அடைவில் நட்டிருக்கிறாள்.
நல்ல வேலைதான். சோதனை எல்லாம் பச்சை.
ஆவணத்துக்கு மட்டும்
ஒருத்தரும் சொல்லவில்லை.
காலிசெய்த வீட்டு வாசலில் நின்று
அது இன்னும்
காலிங்பெல் அடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் 'சும்மா'வை எடுத்தேன்.
'இந்தக் கட்டளையைச் சும்மா ஓட்டினால் போதும்.'
பதினோரு இடத்தில்.
யாருக்குச் சும்மா?
'எளிதாக' நாலு, அதையும்.
'அனைவரும் அறிந்ததே' ஒன்று.
யார் எழுதியது என்று பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

பிறகு ஒன்றும் தெரியாதவனாக உட்கார்ந்தேன்,
எழுதியதை மட்டும் செய்வது,
எழுதாததைச் செய்யாமல் இருப்பது என்று.
இரண்டாவதுதான் முடியவில்லை.
பழகிய விரல்
கேட் திறக்குமுன் குனிந்து நுழைகிற சைக்கிள்.
மூன்று தடவை பிடித்து இழுத்துவந்தேன்.
நாலாம் படியில் ஒரு பொதி குறைந்தது.
ஆறில், இல்லாத ஒரு பெயர்.

வட்டுப் பகுதிக்கு நாங்கள் முன்பு வைத்த பெயர்
கத்தி.
இப்போது அது வட்டு மேலாளர்.
பழையதை அடியோடு எடுத்துவிடச் சொல்லி
ஹஸீனா குறிப்பு போட்டிருந்தாள்.
நீக்கும் விசைமேல் விரல் வைத்தேன்,
கீழே ஷேர் ஆட்டோக்காரன் கத்தினான்,
தியேட்டர், தியேட்டர், தியேட்டர் இறங்கு.
அங்கே தியேட்டர் இல்லை.
இடித்த இடத்தில் எழும்பும் கட்டடத்துக்குத்
தங்க எழுத்தில் வேறு பெயர்.
அதைச் சொல்லி
இதுவரை ஒருவரும் இறங்கியதில்லை.

எழுதினேன்: வட்டு மேலாளர்.
அதற்குக் கீழே, சின்னதாக:
பழைய கோப்புகளில் இதன் பெயர் கத்தி.

மணி ஒன்றே கால். பெனிட்டாவைக் கேட்டேன்,
பிளந்த கட்டளைகளை அனுப்பினேன்.
இரண்டு ஜிபி நினைவகம், தானமாய் வந்த கணினி.
"இருபத்திமூணு நிமிஷம் ப்ரோ.
ஸ்டாப்வாட்ச் வெச்சேன்."

ஏழாம் படி, புதியது:
என் கணினியில் நாலு நிமிடம்.
பழைய கணினியில் இருபத்துமூன்று.
அரைமணிக்குமேல் திரை அசையவில்லையென்றால்
அது வேலை செய்யவில்லை. நின்றுவிட்டது.
தப்பு உங்களுடையது அல்ல.
கன்ட்ரோல் சி அழுத்தி
பதிவுக் கோப்பின் கடைசி வரியைப் படியுங்கள்.

'தப்பு உங்களுடையது அல்ல'
ஆவண நடைக்குப் பொருந்தாது என்று
யூஜின் சொல்வான்.
சொல்லட்டும்.

*

காலையில் எழுந்தபோது
ஒரு திருத்தம் வந்து காத்திருந்தது.
பெயர்: பெனிட்டா. முதல் திருத்தம். ஒரே ஒரு வரி.

ஒன்பதாம் படியில் நான் பார்க்காமல் விட்ட
இன்னொரு 'சற்று'.
அதை எடுத்துவிட்டு எழுதியிருந்தாள்:
ஆறு நிமிடம்.
நடுவில் கடவுச்சொல் கேட்கும்,
டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

ஏற்றுக்கொண்டேன்.